ஸோர்னின் கோடு மட்டும் வரவில்லை: எட்சிங் பாணிக்கு லோரா பயிற்றும்போது நேரும் பிழைகளும் திருத்தங்களும்

ஸ்வீடனின் தலார்னா மாகாணத்தில் உள்ள மோராவில் 1860இல் பிறந்து, 1920இல் அதே ஊரில் மறைந்த ஆன்டர்ஸ் ஸோர்ன், எண்ணெய் ஓவியங்களுக்கும் நீர்வண்ண ஓவியங்களுக்கும் அப்பால் 290க்குச் சற்றுக் குறைவான எட்சிங்குகளையும் செய்தவர். மெழுகு பூசிய செப்புத் தகட்டை ஊசியால் கீறி, கீறிய இடங்களை அமிலத்தால் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுக்கும் இந்தக் கலையை அவர் 1882இல் லண்டனில், தம் நாட்டவரான ஆக்செல் ஹெர்மன் ஹெக்கிடம் கற்றார். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கைக்கு ஒரு தனி எழுத்து வந்துவிட்டது. முகத்தின் விளிம்பை அவர் வரைவதில்லை. சாய்வாக ஓடும் இணைகோடுகளை முகம், கோட்டு, பின்சுவர் என்று எதையும் பிரித்துப் பார்க்காமல் வீசிக்கொண்டே போகிறார். கோடுகள் நெருங்கும் இடம் நிழலாகவும் விலகும் இடம் ஒளியாகவும் அமைந்து, உருவம் தானாக எழுந்து நிற்கிறது.

இந்தப் பாணிக்கு எழுத்திலிருந்து படம் உருவாக்கும் எஸ்.டி.எக்ஸ்.எல். என்ற அடிப்படை மாடலின் மேல் ஒரு லோரா (மாடலை முழுதும் மாற்றாமல், புதிய பாணியைக் கற்கச் சேர்க்கும் சிறு இணைப்பு) பயிற்ற முயன்றபோது, முதல் நான்கு ஓட்டங்களில் எனக்குக் கிடைத்தவை "பழங்காலப் படம்" என்று சொல்லத்தக்கவையே தவிர, ஸோர்ன் அல்ல. பிழைகளைத் தேடி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கற்க வேண்டும் என்ற கற்றல் வேகத்தையும், லோராவின் கொள்ளளவான ரேங்க்கையும் வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டிருந்தேன். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை, ஸ்கேன் எந்த அளவில் மாடலுக்குள் போகிறது என்பதில்தான் இருந்தது. ஆகவே கீழே உள்ள அறிகுறிகளை, நான் சந்தித்த வரிசையில் அல்லாமல், முதலில் எதைச் சோதிக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

அறிகுறி: கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புகை படிந்திருக்கிறது

உருவமும் ஒளியும் சரியாக இருக்கின்றன, தள்ளி நின்று பார்த்தால் எட்சிங் போலவே தெரிகிறது, ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் கோடுகளுக்குப் பதிலாகக் கரித்தூளை விரலால் தேய்த்தது போன்ற பரப்புதான் இருக்கிறது என்றால், பயிற்சியை நிறுத்திவிட்டு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஸோர்ன் 1892இல் செய்த எர்னஸ்ட் ரெனான் உருவப்படத்தை எடுத்துக்கொள்வோம். பருத்த உடம்போடு நாற்காலியில் புதைந்து அமர்ந்திருக்கும் அந்த அறிஞரின் படத்துக்கான தகடு ஏறத்தாழ 34 செ.மீ. அகலமும் 23 செ.மீ. உயரமும் கொண்டது. எஸ்.டி.எக்ஸ்.எல். பயிற்சியில் இந்த விகிதத்துக்குப் பொருந்தும் அளவு 1216 × 832 பிக்சல். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு 3.6 பிக்சல் கிடைக்கிறது. கோட்டுக்குக் கோடு அரை மில்லிமீட்டர் இடைவெளி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு கோடும் அதை அடுத்த வெள்ளை இடமும் சேர்ந்து 1.8 பிக்சலுக்குள் அடங்க வேண்டும். கருப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு பிக்சல் இல்லாமல் கோட்டைக் காட்டவே முடியாது என்பதால், ஸ்கேனைச் சுருக்கிய அந்த நொடியிலேயே கோடு செத்துவிடுகிறது.

இதோடு முடியவில்லை. இந்த மாடல்கள் பிக்சல்களை நேரடியாகக் கற்பதில்லை. வி.ஏ.இ. என்ற பகுதி ஒவ்வொரு 8 × 8 பிக்சல் கட்டத்தையும் ஒரே ஒரு புள்ளியாகச் சுருக்கி, அந்தப் புள்ளிக்கு நான்கே நான்கு எண்களைக் கொடுக்கிறது. ரெனானின் படத்தில் ஒரு கட்டம் 2.2 மி.மீ. அகலத்தை மூடும். அதாவது, நான்கு கோடுகளின் இருப்பிடம், தடிமன், சாய்வு ஆகிய அனைத்தையும் நான்கு எண்களில் சொல்லச் சொல்கிறோம். முகத்தின் தோலுக்கும் வானத்துக்கும் அது போதும், எட்சிங்குக்குப் போதாது.

சோதனை எளிது. பயிற்சிக்கென வைத்திருக்கும் படங்களில் ஐந்தை எடுத்து, மாடலைத் தொடாமல் வி.ஏ.இ.க்குள் மட்டும் அனுப்பித் திரும்ப எடுத்து, மூலத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயே கோடு குழைந்து வந்தால், எத்தனை ஆயிரம் படிகள் பயிற்றினாலும் அதைவிடத் தெளிவாக வராது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். நான் இதை ஐந்தாவது ஓட்டத்துக்கு முன்புதான் செய்தேன் என்பதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

திருத்தம், படத்தைத் துண்டுகளாக வெட்டுவது. அதே தகட்டின் கால்பங்கு அகலத்தை, அதாவது சுமார் 8.5 செ.மீ. பகுதியை, 1024 பிக்சல் சதுரமாக எடுத்தால் மில்லிமீட்டருக்கு 12 பிக்சல் கிடைக்கும். ஒரு கோடும் அதன் இடைவெளியும் 6 பிக்சலில் நிற்கும், வி.ஏ.இ. கட்டம் ஒன்றுக்கு ஒரு கோடும் கொஞ்சமும் என்ற நிலை வரும். அது தாங்கும். இதற்கு மூல ஸ்கேன் முழு அகலத்தில் 4000 பிக்சலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், சிகாகோ கலை நிறுவனம் ஆகிய மூன்றும் ஸோர்னின் எட்சிங்குகளை வைத்திருப்பதோடு, உரிமைக்காலம் முடிந்த படைப்புகளின் படங்களைக் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தவும் விடுகின்றன. படைப்பாளி மறைந்து 70 ஆண்டு என்ற கணக்கில் ஸோர்னின் உரிமைக்காலம் 1990ஓடு முடிந்துவிட்டது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் சிறு படத்தைச் சேமிக்காமல், இறக்கும் பொத்தானை அழுத்திப் பெரிய கோப்பையே எடுங்கள்.

துண்டுகளை மட்டுமே கொடுத்தால் வேறொரு நோய் வரும்: உருவாகும் படங்களில் தலை மேல்விளிம்பில் அறுபடும், கை பாதியில் நிற்கும். என் அனுபவத்தில் ஒரு முழுப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று துண்டுகள் என்ற கலவை பொருந்துகிறது. துண்டுகளின் கேப்ஷனில் (ஒவ்வொரு பயிற்சிப் படத்தோடும் கொடுக்கும் விளக்க வரியில்) "அண்மைக் காட்சி, ஒரு பகுதி" என்ற பொருள்பட எழுதுங்கள். முழுப் படங்களுக்கு அதை எழுதாதீர்கள். எந்தச் சொல் எந்த அளவைக் குறிக்கிறது என்று மாடல் பிரித்துக்கொள்ளும்.

அறிகுறி: படம் முழுதும் கருகிப் போயிருக்கிறது, அல்லது கோட்டுப் பரப்பில் அலை அலையாக வளையங்கள் தெரிகின்றன

இரண்டும் ஸ்கேனைச் சிறிதாக்கும் முறையில் பிறப்பவை. வளையங்கள், நெருங்கிய கோடுகளைச் சரியான வடிகட்டி இல்லாமல் சுருக்கும்போது தோன்றும் மொய்ரே. அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடுத்துக்கொள்ளும் முறையை விட்டு, லான்ஸோஸ் அல்லது பரப்பளவுச் சராசரி முறைக்கு மாறினால் பெரும்பாலும் மறையும்.

கருகல் சற்று நுட்பமானது, பலர் கவனிப்பதில்லை. பாதி கருப்பும் பாதி வெள்ளையுமாகக் கோடுகள் நிற்கும் ஒரு பரப்பு, கண்ணுக்குப் பாதி ஒளியைத்தான் அனுப்புகிறது. கோப்பில் பாதி ஒளிக்கான எண் 188. ஆனால் சாதாரண மென்பொருள், 0க்கும் 255க்கும் நேர்ச் சராசரி எடுத்து 128 என்று எழுதிவிடும். நிழற்படத்தில் இது தெரியாது. கோடுகளே நிறைந்த எட்சிங்கில், நடுத்தர நிழல்கள் எல்லாம் ஒரு படி கனத்துப் போகின்றன. ஸோர்னின் படங்களில் தாளின் வெண்மைதான் வெளிச்சம் என்பதால், சுருக்கும் முன் நேரியல் ஒளி அளவுக்கு மாற்றி, சுருக்கிய பின் பழைய அளவுக்குக் கொண்டுவருவது இங்கே அவசியம். சில படக் கருவிகளில் இதற்கு வழி உண்டு.

அறிகுறி: கோடுகள் வருகின்றன, ஆனால் கன்னத்தைச் சுற்றி வளைகின்றன, ஒன்றின்மேல் ஒன்று வலைபோல் பின்னுகின்றன

இது ஸோர்னே அல்ல, பழைய புத்தகங்களின் செதுக்குப்படம். அடிப்படை மாடல் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான செதுக்குப்படங்களைப் பார்த்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை உருண்டை வடிவத்தைக் காட்ட வளைகோடுகளையும் குறுக்கு வலைக்கோடுகளையும் நம்புபவை. நீங்கள் கேப்ஷனிலோ பிராம்ப்ட்டிலோ (படம் கேட்டு எழுதும் வரியிலோ) "எட்சிங்" என்ற சொல்லை எழுதிய உடனே அந்தப் பழக்கம் முன்னே வந்து நிற்கிறது, உங்கள் அறுபது படங்களால் அதைத் தள்ள முடிவதில்லை.

முதல் திருத்தம் அந்தச் சொல்லைக் கேப்ஷன்களிலிருந்து நீக்குவது. கேப்ஷனில் எதை எழுதுகிறோமோ அது பாணியிலிருந்து பிரிந்து அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. எதை எழுதாமல் விடுகிறோமோ அது தூண்டுசொல்லுக்குள், அதாவது பாணியை அழைக்க எல்லாக் கேப்ஷன்களிலும் வைக்கும் சொல்லுக்குள் போகிறது. ஆகவே கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், காட்சியை மட்டும் எழுத வேண்டும். 1892இன் "ஆம்னிபஸ்" படத்துக்கு, "குதிரை வண்டிக்குள் வரிசையாக அமர்ந்த பயணிகள், தொப்பியணிந்த பெண், சன்னல் வெளிச்சம்" என்ற அளவு போதும்.

தூண்டுசொல்லாக ஸோர்னின் பெயரையே வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைக்காதீர்கள். அந்தப் பெயரை மாடல் அறியும், ஆனால் அவர் எண்ணெய் ஓவியங்கள் வழியாக அறியும். கருப்பு, வெள்ளை, காவி மஞ்சள், குங்குமச் சிவப்பு என்று அவர் பெயரால் இன்றும் ஓவியர்கள் அழைக்கும் நான்கு வண்ணத் தட்டு, பிராம்ப்ட்டில் பெயர் விழுந்ததும் கன்னங்களில் ஏறிவிடும். எனது மூன்றாவது ஓட்டத்தின் மாதிரிப் படங்கள் எல்லாவற்றிலும் மூக்கு நுனி சிவந்திருந்ததற்குக் காரணம் இதுதான் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எந்த மொழியிலும் பொருளில்லாத ஒரு சொல்லை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது திருத்தம் தேர்வில் இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் அவர் செய்த படங்கள் அவருடைய ஆசிரியர் ஹெக்கின் வழியில், பொறுமையாக, மரபான கோடுகளோடு அமைந்தவை. அவற்றையும் சேர்த்தால், இரண்டு கைகளின் சராசரியை மாடல் கற்கும். பாரிஸ் நடனக்கலைஞர் ரோஸிதா மௌரியை வரைந்த 1889இலிருந்து தொடங்கி, தம் தாயை வரைந்த 1911இன் "மோனா" வரை எடுத்துக்கொண்டால் ஒரே கையாக இருக்கும். ஸோர்னிடம் குறுக்குக்கோடே இல்லை என்று சொல்லவில்லை. அடர்ந்த இருட்டுகளில் திசை மாற்றி இரண்டாம் அடுக்கை அவரும் வீசுகிறார். ஆனால் அது வலையாக இறுகுவதில்லை.

மூன்றாவது, பயிற்சி அமைப்பில் இடவலமாகத் திருப்பும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். படங்கள் குறைவாக இருக்கும்போது அதைப் போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். இங்கே அது நஞ்சு. கோடு சாயும் திசை இந்தக் கையெழுத்தின் பாதி. திருப்பிய படங்களையும் கொடுத்தால் இரு சாய்வுகளும் சம அளவில் வந்து, மாடல் இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுக் கடைசியில் வலைதான் பின்னுகிறது. தகட்டில் வரைந்தது தாளில் ஏற்கெனவே ஒருமுறை இடவலம் மாறித்தான் விழுந்திருக்கிறது, இன்னொரு முறை நாம் மாற்ற வேண்டாம்.

அறிகுறி: கீழ் வலதுமூலையில் பென்சில் கையெழுத்து போன்ற கிறுக்கல், சுற்றிலும் பழுப்பு நிறச் சட்டம்

அச்சுக்குப் பின் தாளின் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்திடுவது எட்சிங் கலைஞர்களின் வழக்கம். தகட்டின் விளிம்பு தாளில் பதித்த அழுத்தத் தழும்பும், சேகரிப்பாளர் முத்திரைகளும், அருங்காட்சியகம் ஒட்டிய அட்டையும் ஸ்கேனில் இருக்கும். தகட்டுத் தழும்புக்கு உள்ளே இரண்டு மில்லிமீட்டர் தள்ளி எல்லாப் படங்களையும் வெட்டிவிடுங்கள். தகட்டுக்குள்ளேயே கீறிய கையெழுத்து சில படங்களில் உண்டு, அதை அழிக்க முயன்று சுற்றியுள்ள கோடுகளைக் கெடுப்பதைவிட, "கையெழுத்து" என்று கேப்ஷனில் எழுதுவது நல்லது.

தாளின் மஞ்சள் நிறத்தைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. நான் எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையாக மாற்றி, தாளின் வெண்மையை ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். நிறம் வேண்டுமென்றால் பின்னால் சேர்க்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் வெண்மையைக் கூட்டும்போது, துடைத்த பின்னும் தகட்டில் மெல்லிய படலமாகத் தங்கிய மையின் சாயல் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருண்ட அறைக் காட்சிகளில் அந்தச் சாயலுக்குப் பெரும் பங்கு உண்டு.

அறிகுறி: எந்த முதியவரைக் கேட்டாலும் ரெனான் வந்து அமர்கிறார்

ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் அச்சாகும், ஒவ்வொரு அருங்காட்சியகமும் தன் பிரதியைத் தனிப் படமாகப் பதிவேற்றும். கலைஞர் நடுவில் தகட்டைத் திருத்தியிருந்தால் அந்த நிலைகளும் தனித்தனியே இருக்கும். கோப்புப் பெயர்களும் அளவுகளும் வேறாக இருப்பதால் அவை ஒன்றே என்பது கண்ணில் படாது. என் தொகுப்பில் ரெனான் ஐந்து முறை இருந்தார். உருவ ஒப்புமையைக் கணிக்கும் எளிய ஹேஷ் நிரலை ஓட்டி, ஒரு தகட்டுக்குச் சிறந்த பிரதி ஒன்றை மட்டும் வையுங்கள்.

இதன் தம்பிதான் இன்னொரு பிழை: பெண் என்று எழுதினாலே நீர்க்கரையில் உடையின்றி நிற்கும் பெண் வருவது. ஸோர்ன் அத்தகைய படங்களை ஏராளமாகச் செய்தவர் என்பதால் தொகுப்பில் அவற்றின் பங்கைக் குறையுங்கள், எடுத்துக்கொண்டவற்றின் கேப்ஷனில் "உடையின்றி", "குளிக்கும்", "நீர்க்கரை" என்ற பொருளில் தவறாமல் எழுதுங்கள்.

அறிகுறி: முழுக் கருப்பும் முழு வெண்மையும் வருவதில்லை, எல்லாம் நடுச் சாம்பலிலேயே நிற்கிறது

கோடு தெளிவாக இருந்தும் இந்த மந்தம் இருந்தால், அது தொகுப்பின் குற்றமல்ல. படத்தில் படிப்படியாகச் சேர்த்த இரைச்சலை நீக்கத்தான் மாடல் கற்கிறது. அந்த இரைச்சலைச் சேர்க்கும் அட்டவணை, கடைசிப் படியிலும் படத்தின் சராசரி வெளிச்சத்தை முழுதாக அழிப்பதில்லை. அதனால் நடுத்தர வெளிச்சத்தை விட்டு விலக மாடல் தயங்குகிறது. நாய்ஸ் ஆஃப்செட்டை (இரைச்சலோடு சராசரி வெளிச்சத்தையும் நகர்த்தும் பயிற்சி எண்ணை) 0.05 அளவில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். 0.1ஐத் தாண்டினால் முகங்கள் மைப்புட்டிக்குள் விழுந்தது போலாகிவிடும்.

படம் முற்றிலும் கருப்பாகவே வந்தால் அது வேறு கதை. எஸ்.டி.எக்ஸ்.எல்.இன் வி.ஏ.இ. அரைத் துல்லியத்தில் (16 பிட் எண்களில்) எண் வரம்பைத் தாண்டி முறிகிறது. அதை முழுத் துல்லியத்தில் ஓட்டுங்கள், அல்லது இதற்கெனத் திருத்திய வி.ஏ.இ.ஐப் போடுங்கள்.

அறிகுறி: எதை மாற்றினாலும் விளைவு மாறவில்லை

ஸ்கேன்களை வெட்டினீர்கள், வெண்மையைத் திருத்தினீர்கள், மறுபடியும் அதே கையெழுத்துக் கிறுக்கல் வருகிறது என்றால், பயிற்சிக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்தின் அருகிலும் என்.பி.இசட். என்று முடியும் கோப்பு இருக்கும். நேரத்தை மிச்சப்படுத்த, வி.ஏ.இ. சுருக்கிய வடிவத்தை மென்பொருள் அதில் எழுதி வைத்திருக்கிறது. படத்தை நீங்கள் மாற்றினாலும் பயிற்சி பழைய கோப்பையே படித்துக்கொண்டிருக்கும். அவற்றை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

இவை எல்லாம் சரியான பிறகே எண்களைத் தொட வேண்டும். ரேங்க் 32, கற்றல் வேகம் 0.0001, பிராம்ப்ட்டைப் படிக்கும் உரைப் பகுதியைப் பயிற்றாமல் விடுவது, மொத்தம் 2,000 முதல் 3,000 படிகள் என்பது எனக்குப் பொருந்திய தொடக்கம். பயிற்சியின் பிழை அளவைக் காட்டும் லாஸ் வரைபடம் கோட்டின் தரத்தைப் பற்றி ஏதும் சொல்லாது. 250 படிகளுக்கு ஒருமுறை, ஒரே சீட் எண்ணில் (தொடக்க இரைச்சலை நிர்ணயிக்கும் எண்ணில்), ஸோர்ன் காலத்து உருவம் ஒன்றையும் அவர் பார்த்தே இராத பொருள் ஒன்றையும் வரையச் சொல்லிப் பாருங்கள். நான் கணினி விசைப்பலகையைக் கேட்கிறேன். விசைகளின் மேல் சாய்கோடுகள் எழுத்துகளைப் பொருட்படுத்தாமல் ஓடினால் பாணி பிடித்துவிட்டது. விசைப்பலகைக்குப் பதிலாகப் புத்தக அடுக்கு வந்தால், பயிற்சி எல்லை மீறிவிட்டது என்று பொருள், இடையிடையே சேமித்த லோராக்களில் இரண்டு மூன்று பின்னால் செல்லுங்கள்.

அறிகுறி: கோடு சரி, ஆனால் படத்தின் அளவுக்கு மிகத் தடிமனாக இருக்கிறது

துண்டுகளில் பயிற்றியதன் இயல்பான விளைவு இது. 1024 பிக்சல் படத்தில் மாடல் வரைவது 8.5 செ.மீ. அகலத்துக்கான கோடு. முழு உருவத்தை அந்தத் தடிமனில் வரைந்தால் ஆணியால் கீறியது போலத்தான் இருக்கும். முதலில் முழுப் படத்தையும் லோராவின் வலுவை 0.6ஆகக் குறைத்து உருவாக்கி, மூன்று அல்லது நான்கு மடங்கு பெரிதாக்கி, பின்பு 1024 பிக்சல் ஓடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வலு 1இல், டீநாய்ஸ் (இருக்கும் படத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற எண்) 0.35 அளவில் மீண்டும் வரையச் செய்யுங்கள். "அண்மைக் காட்சி" என்ற கேப்ஷன் சொல்லை இந்த இரண்டாம் கட்டத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். ஓடுகள் சேரும் இடத்தில் கோட்டின் சாய்வு திடீரென மாறினால், ஒன்றின்மேல் ஒன்று படியும் பரப்பை 256 பிக்சல் வரை கூட்டுங்கள். அப்போதும் மாறினால் டீநாய்ஸை 0.3க்குக் கீழே இறக்குங்கள்.